வாணிக்கு, அவள் ஊர்த் தண்ணீர் பற்றி

வாணி, இந்தக் கடிதத்தை நீ பாதி படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய் என்று உன் அம்மா சொல்கிறாள். வைத்துக்கொள். ஆனால் போனில் செய்ததுபோல இதை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குள் போய்விட முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "யாழினிக்கு எந்தத் தண்ணியிலம்மா கஞ்சி காய்ச்சுற?" என்றேன். "அப்பா, வேற எது வேணாலும் பேசுங்க. எங்க ஊர் தண்ணியப் பத்தி மட்டும் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாய். அவர் பாவம், மழையைப் பற்றிப் பேசினார். நானும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். 'எங்க ஊர்' என்று நீ சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. கட்டிக்கொடுத்த பெண் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் எந்த அப்பனும் ஆசைப்படுவான். எனக்குக் கோபம் வந்தது அந்த 'மட்டும்' என்ற சொல்லில். அம்மாவின் முழங்கால் வலியைப் பேசலாம், தம்பி அசோக்கின் பரீட்சை மார்க்கைப் பேசலாம், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைப் பேசலாம். என் பேத்தியின் வாய்க்குள் என்ன போகிறது என்பதை மட்டும் பேசக் கூடாது.

நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரிந்தே முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதை உன் பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறாய். நீ பிறந்தது சிதம்பரத்தில். தவழ்ந்ததும் நடந்ததும் தர்மபுரிப் பக்கம். பேங்க்கில் கேஷியராக இருந்த எனக்கு அங்கே மாற்றல் போட்டார்கள். கைக்குழந்தையோடு போனோம். நாம் குடியிருந்த வீட்டுக்கு எதிரிலேயே போர் போட்டு அடிபம்பு வைத்திருந்தார்கள். நம்மூர் உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல் அல்லாடியவள் உன் அம்மா. அந்தத் தண்ணீரில் பருப்பு ஒரே கொதியில் வெந்தது, சோப்பு நுரைத்தது, குடித்தால் தித்திப்பாகக்கூட இருந்தது. "இந்த ஊர்ல வேற ஒன்னும் இல்லன்னாலும் தண்ணி நல்லாருக்குங்க" என்று அவள் சொல்லாத நாள் இல்லை. அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு என்று ஒன்று அளவுக்கு மேல் கரைந்திருக்கிறது என்று ஊரில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. பாறையிலிருந்து ஊறி வருவது. அதனால் இந்த விஷயத்தில் உன் அம்மாவைக் குற்றவாளியாக்க நான் யாரையும் விட்டதில்லை, இனியும் விட மாட்டேன். தெரியாமல் கொடுத்தோம். தெரிந்த பிறகு கொடுப்பது வேறு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ இரண்டாவது முடித்தபோது சிதம்பரத்துக்குத் திரும்பினோம். பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தது. முளைக்கும்போதே சாக்பீஸ் தூள் ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள். வருஷம் போகப் போக அது மஞ்சளாகி, நீ எட்டாவது வருவதற்குள் முன்பற்களின் குறுக்கே பழுப்புப் பட்டை விழுந்துவிட்டது. உன் பெரியம்மா எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டுத் தேய்க்கச் சொன்னாள். ஒருத்தர் கரித்தூள் என்றார், ஒருத்தர் செங்கல் பொடி என்றார். நீ ஈறு கிழிந்து ரத்தம் வருமளவு தேய்த்தாய். பட்டை அப்படியேதான் இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் உன் அம்மாவைப் பார்த்து, "புள்ளைக்குப் பல்லு வெளக்கக்கூட கத்துக் குடுக்கலியா?" என்று கேட்டார்கள். சிதம்பரம் வந்த பிறகு பிறந்த அசோக்குக்குப் பல் பளீரென்று இருந்தது. "அதே வீடு, அதே பேஸ்ட்டு, அதே அம்மா. அவனுக்கு மட்டும் எப்படி வெள்ளையா இருக்கு? சொல்லுங்க" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஆனால் அடுத்த முறை வரும்போது மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

இரண்டாயிரத்து நான்கில் நீ பிளஸ் ஒன். பேச்சுப் போட்டியில் பள்ளியில் முதலாவதாக வந்தாய். கடலூரில் மாவட்ட அளவில் போட்டி. மொட்டை மாடியில் நின்று நீ பேசிப் பழகியதில் எதிர் வீட்டுப் பையன்களுக்கே உன் பேச்சு மனப்பாடம் ஆகிவிட்டது. அப்போது எனக்குக் கடலூர் கிளை. அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு, உன்னிடம்கூடச் சொல்லாமல் மஞ்சக்குப்பத்தில் அந்த மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தேன். உங்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறியது வேறொரு பெண். உன் பேச்சைத்தான் பேசினாள், வரிக்கு வரி நீ எழுதியது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் யூனிபார்மில் நீ உட்கார்ந்திருந்தாய், அந்தப் பெண்ணின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு. அவளுக்குத் துணையாக உன்னை அனுப்பியிருந்தார்கள்.

வெளியே வராந்தாவில் உங்கள் டீச்சரைப் பிடித்தேன். அந்தம்மா கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்திருப்பேன். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வாணி அளவுக்குப் பேச எங்க ஸ்கூல்லயே ஆள் இல்ல. ஆனா போன தடவை மேடை ஏறுனப்போ முன்னாடி உட்கார்ந்திருந்தவங்க, இந்தப் பொண்ணு பாக்கு கீக்கு போடுதான்னு என்னையே கேட்டாங்க. கூசிப்போச்சு சார். அந்தப் புள்ளைக்குத்தான் அசிங்கம்னு நெனச்சேன்" என்றார். "அசிங்கம் கேட்டவங்களுக்கா, என் பொண்ணுக்கா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாய். ஆலப்பாக்கம் தாண்டியதும், "அவ நல்லாத்தாம்பா பேசுனா" என்றாய். அப்படிச் சொல்லும்போது உன் வலது கை மேலே போய் வாயை மூடிக்கொண்டது. அந்தக் கையை நான் முதல் முறை பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அது கீழே இறங்கவே இல்லை. கல்லூரியில் கைக்குட்டை, வீட்டில் முந்தானை, போட்டோவில் உதட்டை இறுக்கிய முகம். மேடைப் பேச்சை நீ விட்டுவிட்டாய். நான் எத்தனையோ தடவை கெஞ்சினேன். "படிக்கற வேலை இருக்குப்பா" என்று சொல்லித் தட்டிக்கழித்தாய்.

அந்த வருஷமே உன்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். முதலில் பார்த்தவர் நாற்காலியில் உன்னைச் சாய்த்ததும் கேட்டது, "என்ன பழக்கம்?" சுரண்டினார், பாலிஷ் போட்டார், ஒழுங்காகப் பல் விளக்கு என்று சொல்லி அனுப்பினார். அடுத்துப் பார்த்தது சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா. அவர்தான் உன் பல்லைப் பார்த்துவிட்டு, உன் முகத்தையும் பார்த்து, "சின்ன வயசுல எந்த ஊர்லம்மா இருந்தே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரைச் சொன்னதும் அவர் பெருமூச்சு விட்டார். "தேய்ச்சா போகாதா டாக்டர்?" என்றாய் நீ. "இது அழுக்கு இல்லம்மா, தேய்க்கிறதுக்கு. பிறந்ததுலேர்ந்து ஏழெட்டு வயசு வரைக்கும் நிரந்தரப் பல்லு ஈறுக்குள்ள வளர்ந்துட்டு இருக்கும். அப்போ குடிச்ச தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தியா இருந்தா பல்லோட மேல் ஓடு சரியாக் கட்டாது. கொஞ்சமா இருந்தா அது பல்லுக்கு நல்லது, பேஸ்ட்டுல அதுக்காகத்தான் போடுறாங்க. ஜாஸ்தியானாதான் இப்படி. நீ எந்தத் தப்பும் பண்ணல" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் நீ அழுதாய். மேலே பூசி மறைக்க வழியிருக்கிறது என்றும் சொன்னார். நீ வேண்டாம் என்றுவிட்டாய். "தப்பு பண்ணலன்னு சொல்லிட்டு, எதுக்கு மறைக்கணும்?" என்று வாசலில் வந்து என்னைக் கேட்டாய். கேட்கும்போதும் கை வாயில்தான் இருந்தது.

மாப்பிள்ளை பார்த்த வருஷங்களை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு லட்சணமா இருக்கு, பல்ல மட்டும் பாத்துக்கிட்டா..." என்று இழுத்ததற்கு உன் அம்மா என்ன பதில் சொன்னாள் என்பது உனக்கே தெரியும். அப்புறம் என்னுடைய பழைய கிளையில் வேலை பார்த்த நண்பர் மூலமாக சரவணன் வந்தார். அதே தர்மபுரிப் பக்கம். அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்றுதான் சொல்லப் பார்த்தேன். ஆனால் வந்தவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். அசோக் ஏதோ கிண்டலாகச் சொல்ல, மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். உன்னுடைய பல்லேதான்! அதே திட்டு, அதே பழுப்பு. டீத் தட்டோடு நின்ற நீ அவரையே பார்த்தாய். பார்த்துவிட்டு நீயும் சிரித்தாய். தட்டைப் பிடித்திருந்ததால் கை மேலே போகவில்லை என்று நினைத்தேன். தட்டைக் கீழே வைத்த பிறகும் போகவில்லை. உன் அம்மா அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கே நான் மாப்பிள்ளையிடம் தனியாகத் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "ஒகேனக்கல்லேர்ந்து காவேரித் தண்ணி வரப்போகுதுங்க மாமா. பைப் போட ஆரம்பிச்சாச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல அந்தக் கவலையே இருக்காது" என்றார். நம்பினேன். அவரும் நம்பித்தான் சொன்னார்.

பிரசவத்துக்கு நீ இங்கே வந்தாய். யாழினி பிறந்து நம் வீட்டில் இருந்த அந்த மாதங்களில் தண்ணீர்க் கவலை எனக்கு இல்லை. மூன்று மாதம் முடிந்தும் உங்களை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, நாள் நல்லாயில்லை, பனி விழுகிறது என்று ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிசம்பர் கடைசியில் அந்தப் புயல் அடித்தது. கடலூரில் மரமெல்லாம் வேரோடு சாய்ந்து, கம்பம் முறிந்து, நமக்கும் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடினோம். "புள்ளைய வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படணும்" என்று உன் மாமியார் போன் செய்து, மாப்பிள்ளை வண்டி எடுத்து வந்து உங்களைக் கூட்டிப்போனார். நல்ல எண்ணத்தில்தான். தண்ணீர் இல்லாத இடத்திலிருந்து தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போனீர்கள். நானே பையைத் தூக்கி வண்டியில் வைத்தேன். அப்போதும் அவள் தாய்ப்பால்தான் குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் பாலில் மிகக் கொஞ்சம்தான் இறங்கும் என்று அந்த டாக்டரம்மாவே சொன்னார், நான் போய்க் கேட்டேன். ஆறு மாதம் கழித்துக் கஞ்சியும் புட்டிப் பாலும் ஆரம்பிக்கும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்றார். அந்தக் கவனத்துக்காக உனக்கு எத்தனை தடவை போன் செய்தேன்! ஒவ்வொரு தடவையும், "பாத்துக்கறோம்பா."

காது குத்துக்கு வந்தபோது நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று பார்த்தேன். தெருவில் விளையாடும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உன் பல். கோயிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் சுத்தம் செய்கிற எந்திரம் ஒன்று வைத்துக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். கதவில் பூட்டு. ஏதோ ஒரு பாகம் வர வேண்டுமாம், தான் தாய்வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். தெருவோரம் கறுப்புக் குழாய் போட்டு மண்ணை மூடியிருக்கிறார்கள், தண்ணீர் வரவில்லை. டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன், இதை யாரிடமும் சொல்ல மாட்டீர்களா என்று. "என்னத்தங்க சொல்றது? பல்லு வெள்ளையா இருந்தா அவன் வெளியூர்க்காரன். அவ்ளோதான்" என்று சொல்லிச் சிரித்தார். அவரோடு சேர்ந்து கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் மாமனாரைப் பந்தியில் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். தரையில் உட்கார முடியாது என்று நாற்காலி கொண்டுவரச் சொன்னார். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, உடம்பையே திருப்பிப் பார்க்கிறார். என்னைவிடப் பெரியவர் இல்லை அவர். "வாதம் சம்பந்தி" என்கிறார். அந்தத் தண்ணீரை ஆயுசு முழுக்கக் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் ஏறும் என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவருக்கு அதுதானா என்று நான் சொல்ல முடியாது. ஒரு டாக்டராவது பார்த்துச் சொல்லட்டும் என்றால், வயசானால் வருவதுதான் என்று எல்லாரும் முடித்துவிட்டீர்கள்.

உன் மாமியார் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. பேத்தியைக் கீழே விடாமல் வைத்திருக்கிறார். தண்ணீரைப் பற்றி நான் வாயெடுத்ததும், "அண்ணா, நாங்க என்ன அப்படியேவா குடுக்குறோம்? நல்லாத் தளதளன்னு கொதிக்க வெச்சு, ஆற வெச்சுத்தானுங்க குடுக்குறோம்" என்றார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும் அம்மா, இது சாகாது, தண்ணீர் ஆவியாகிப் போகப் போக மிச்சத்தில் இது இன்னும் ஜாஸ்தியாகும் என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அந்தக் குழந்தைக்காக அவர் தினமும் விறகடுப்பில் படுகிற பாட்டை நான் ஒரே வாக்கியத்தில் வீணாக்கிவிட்டேனே என்று எனக்கும் சங்கடம்தான். ஆனால் அதற்காகப் பொய் சொல்ல முடியுமா? மறுநாள் டவுனுக்குப் போய்க் கேன் தண்ணீர் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன். வாசலில் நின்று அவர் கேட்டார், "அப்போ எங்க தண்ணி விஷமாங்ணா? இதே தண்ணியிலதானே எம்புள்ளைய வளர்த்தேன்?" அதற்கு நான் பதில் சொல்வதற்குள் நீ வந்தாய். கேனை உள்ளே எடுத்து வைப்பாய் என்று நினைத்தேன்.

"அப்பா, என் வாழ்க்கையில நான் வாயத் தொறந்து சிரிக்கறது இந்த ஊர்லதான். கடைக்குப் போனா, கோயிலுக்குப் போனா ஒருத்தர்கூட என் பல்லப் பாக்கறதில்ல. இங்க வந்து நீங்க திரும்பவும் பல்லு பல்லுங்கறீங்க. அதையும் கெடுத்துட்டுப் போகாதீங்கப்பா." எல்லார் முன்னாலும் சொன்னாய். கேன் வாசலிலேயே இருந்தது. நான் அன்றைக்கே சேலம் வந்து சிதம்பரம் பஸ் பிடித்தேன். ஆத்தூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு என்று வழியெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டிய பதில் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. ஒன்றும் சரியாக இல்லை. இப்போது சொல்கிறேன். நீ அங்கே சிரிப்பதை நான் பார்த்தேன் வாணி. காது குத்தும்போது யாழினி வீறிட்டு அழ, நீ அழுகையும் சிரிப்புமாக நின்றதைப் பார்த்தேன். மஞ்சக்குப்பத்து மண்டபத்துக் கடைசி வரிசையில் உன்னைப் பார்த்தவன் நான். அந்தச் சிரிப்பைக் கெடுப்பதற்கு எனக்கு என்ன வந்தது? ஆனால் நீ அங்கே சிரிக்க முடிகிறது என்றால், அங்கே எல்லாருக்கும் அந்தப் பாதிப்பு வந்திருக்கிறது என்பதுதானே காரணம்? உனக்கு நிம்மதி கொடுத்த அதே விஷயம் உன் மகளுக்குத் தீங்கு செய்யும் என்று நான் சொன்னால், உன்னை நான் குறை சொல்வதாக ஏன் எடுத்துக்கொள்கிறாய்? யாழினி அந்த ஊரிலேயே ஆயுசுக்கும் இருப்பாள் என்று யார் எழுதிக் கொடுத்தது? அவளும் ஒரு நாள் வெளியூர் போய்ப் படிப்பாள், மேடை ஏறுவாள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் உன் மாமியார் ஊர்க்காரர்களாகவா இருப்பார்கள்?

நீ அம்மாவுக்குப் போனில் சொன்னாயாம், "அப்பாகிட்ட சொல்லும்மா, பாப்பாவுக்கு ரெண்டு பல்லு முளைச்சிருக்கு, பால் மாதிரி வெள்ளையா இருக்கு" என்று. கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அதை நீ எதற்காகச் சொல்லச் சொன்னாய் என்று புரிந்ததும் சோர்ந்துவிட்டேன். அந்தப் பல் உன் வயிற்றிலும் இந்த வீட்டிலும் உருவானது. பெரும்பாலும் பால் பல்லில் இது அவ்வளவாகத் தெரியாது. உனக்கும் பால் பல் வெள்ளைதான், வேண்டுமானால் பழைய போட்டோவைப் பார். அவளுக்கு ஆறு ஏழு வயதில் முளைக்கப் போகிற பல் இப்போது, நீ இதைப் படிக்கிற இந்த வாரத்தில், ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குக் காவிரித் தண்ணீர் வரும்வரை காத்திருக்கத் தெரியாது. குழாய் வரட்டும், எந்திரத்துக்குப் பாகம் வரட்டும், எல்லாம் வரட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வருவதற்குள் அவள் பல் கட்டி முடித்துவிடும். அப்புறம் உலகத்திலுள்ள எந்த டாக்டரிடம் போனாலும் பூசி மறைக்கத்தான் முடியும்.

நான் கேட்பது மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ அந்த போர்த் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள், அதனால் ஒன்றும் ஆகாது. அவள் குடிப்பதற்கும் அவளுக்குச் சமைப்பதற்கும் மட்டும் வேறு தண்ணீர். கேன் வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் மாடியில் விழுகிற மழைத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து, வடிகட்டி, அதைக் கொதிக்க வையுங்கள். உன் மாமியார் கொதிக்க வைக்கிற பழக்கம் அதற்கு அருமையாக உதவும், இதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல். பாலும் தயிரும் முருங்கைக்கீரையும் நன்றாகக் கொடு. இதையெல்லாம் ஒரு வருஷம் செய்துவிட்டு விடுகிற காரியமில்லை, அவளுக்கு எட்டு வயது ஆகும்வரை செய்ய வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். குழந்தை வளர்ப்பதில் அலுப்பில்லாத வேலை எது?

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு, இதை அனுப்பலாமா வேண்டாமா என்று நேற்றுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை நான் பேங்க்குக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை போன் செய்தார், வீட்டிலிருந்து இல்லை, கடையிலிருந்து. சுற்றி வண்டிச் சத்தம். "மாமா, அந்தத் தண்ணி விஷயம். பாப்பாவுக்கு மட்டும் கேன் போட்டாப் போதுங்களா, இல்ல பால் பவுடர் கலக்கறதுக்கும் அதேதானா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அதேதான் என்றேன். "சரிங்க. கடைக்கு எதிர்லயே கேன் விக்கறாங்க. கொண்டுபோறது எனக்கு ஒரு வேலையே இல்ல" என்றார். அப்புறம் ஏன் மாப்பிள்ளை இத்தனை நாள் கொண்டுபோகவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், மறைக்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க கோவிச்சுக்கிட்டுப் போன அன்னைக்கே வாங்கிட்டு வந்திருப்பேன் மாமா. ஆனா நான் கேன தூக்கிட்டு வந்து எறக்குனா, அவ என்ன நெனப்பா? எம்புருஷனுக்கும் என் பல்லு குறையாத்தான் தெரியுது, அதான் பொண்ணுக்கு வந்துடக் கூடாதுன்னு துடிக்கறாருன்னு நெனச்சுடுவா. எனக்கு அவ பல்லப் பாத்தா ஒன்னுமே தோணறதில்ல மாமா. அவ சிரிக்கறது மட்டும்தான் தெரியுது. மறுபடியும் வாய மூடிட்டான்னா நான் என்ன செய்யறது? நீங்களே சொல்லுங்க மாமா, நான் சொன்னா தப்பாயிடும்."

கேட்டாயா? அவர் உனக்காகப் பேசாமல் இருக்கிறார். நீ அவர் வீட்டு மனிதர்களுக்காகப் பேசாமல் இருக்கிறாய். இரண்டு பேரும் ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு குழந்தை நாளுக்கு மூன்று வேளை அந்தக் கஞ்சியைக் குடிக்கிறது. இதற்கு மேல் நான் யாரைப் பார்த்துக் கத்துவேன்? என் மேல் நீ எவ்வளவு வேண்டுமானாலும் கோபமாக இரு. தீபாவளிக்கு வராதே, போனை எடுக்காதே, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் இதைப் படித்த அன்றைக்கே, சாயங்காலம் அவர் கடையைச் சாத்துவதற்குள் ஒரு போன் போடு. "வரும்போது பாப்பாவுக்குத் தண்ணி வாங்கிட்டு வாங்க" என்று சொல். அவ்வளவுதான். நீ சொல்வதற்காகத்தான் அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

உன்
அப்பா